தேங்காய்த் தொட்டியும் சீமைக்கருவேலமும்: நம் ஊர்க் கரி இனி எங்கே போக வேண்டும்?

வெள்ளகோவிலான் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக் களம் இல்லாத ஊர் குறைவு. களத்தில் மிஞ்சும் தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, என் தாத்தா காலத்தில் வீட்டு அடுப்புக்குத்தான் போனது. இப்போது அது லாரியில் ஏறிச் சூளைக்குப் போய்க் கரியாகி, அங்கிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டிகளுக்கான நுண்துளைக் கரி) ஆலைக்குச் சென்று, பெரும்பாலும் கப்பலேறிவிடுகிறது. சோடியம் பேட்டரி, சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தை நொடியில் ஏற்றி இறக்கும் சாதனம்), மண்ணில் கரி சேர்த்தல் என்று எதிர்காலத்துக்குச் சொல்லப்படும் பலவற்றுக்கும் இதே கரிதான் மூலப்பொருள் என்று அண்மையில் படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே சில ஆண்டுகள் ஒரு குழிச் சூளை இயங்கியது. தணலை அணைக்க ஊற்றிய தண்ணீர் அப்படியே நிலத்தில் இறங்கியது. இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வாளியை இறக்கினால் மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றி வைத்தால் மாடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சூளை மூடப்பட்டுப் பல காலம் ஆகியும் அந்தக் கிணற்றை நாங்கள் குடிக்கப் பயன்படுத்துவதில்லை.

அதனால் இரண்டு கேள்விகளை இங்கே வைக்கிறேன். கரியைக் கொண்டு செய்யக்கூடிய புதிய பொருள்களில் எவை உண்மையிலேயே நிலைத்துப் பயன் தருபவை? அவற்றைப் பசுமைப் பொருள் என்று சொல்லும்போது, சூளைக்கு அருகில் இருக்கும் கிணறும் அந்தக் கணக்கில் வருகிறதா?

மின்வேதி மாணவி

ஐயா, நான் காரைக்குடியில் பேட்டரி தொடர்பாக ஆய்வு செய்கிறேன். முதல் கேள்விக்கு என் துறையிலிருந்து விடை சொல்கிறேன்.

இன்றைய லித்தியம் பேட்டரியின் எதிர்முனையில் இருப்பது கிராஃபைட். அது அடுக்கடுக்கான தாள்களைப் போன்றது. லித்தியம் அயனிகள் அந்த அடுக்குகளுக்கிடையே புகுந்து வெளியேறுகின்றன. ஒரு கிராம் கிராஃபைட் கோட்பாட்டளவில் 372 மில்லியாம்பியர் மணி மின்னேற்றத்தைத் தாங்கும். பேட்டரிக்கான கிராஃபைட்டைப் பதப்படுத்தும் தொழில் பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் அந்நாடு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் விதித்தது. செயற்கை கிராஃபைட் என்றால் பெட்ரோலியக் கோக்கை (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) ஏறக்குறைய 3,000 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். அதற்குச் செலவாகும் மின்சாரம் மிக அதிகம்.

சோடியம் அயனி கிராஃபைட்டுக்குள் அவ்வாறு எளிதில் புகுந்து தங்குவதில்லை. இங்குதான் தேங்காய்த் தொட்டி வருகிறது. 1951-இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், கார்பன் பொருள்கள் இரு வகைப்படும் என்று எக்ஸ்-கதிர் ஆய்வால் காட்டினார். சூடேற்றினால் கிராஃபைட்டாக மாறுபவை ஒரு வகை. எவ்வளவு சூடேற்றினாலும் மாறாதவை மற்றொரு வகை. டி.என்.ஏ. ஆய்வால் உலகம் அறிந்த அதே ஃபிராங்க்ளின்தான். நிலக்கரியிலும் கரியிலும் அவர் செய்த பணியைப் பலர் அறியாதது எனக்கு எப்போதும் வருத்தம். அந்த இரண்டாம் வகையைக் கடினக் கரி என்கிறோம். அதன் தாள்கள் கசங்கிய காகிதம் போல ஒழுங்கற்று, இடையிடையே நுண்ணிய வெற்றிடங்களோடு இருக்கின்றன. சோடியம் அந்த இடங்களில் தங்குகிறது. 2000-ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸும் டானும் குளுக்கோஸிலிருந்து செய்த கடினக் கரியில் கிராமுக்கு 300 மில்லியாம்பியர் மணி அளவுக்குச் சோடியத்தை ஏற்றிக் காட்டினார்கள். தேங்காய்த் தொட்டியிலிருந்து இதே வகைக் கரியை ஜப்பானின் குராரே நிறுவனம் தொழில்முறையில் செய்கிறது. 2021-இல் சீனாவின் சி.ஏ.டி.எல். (CATL) நிறுவனம் தன் முதல் சோடியம் பேட்டரியை அறிவித்தது. அதே ஆண்டின் கடைசி நாளில் இங்கிலாந்தின் ஃபாரடியான் நிறுவனத்தை வாங்குவதாக ரிலையன்ஸ் அறிவித்தது.

ஒரு தோராயக் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் சோடியம் பேட்டரிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ கடினக் கரி போதும். அதற்கு ஐந்து கிலோ தொட்டி, அதாவது நாற்பது தேங்காய் அளவில் வரும். அந்த நாற்பது தேங்காயின் தொட்டி அடுப்பில் எரிந்தால் ஒரு வேளைச் சமையலோடு தீர்ந்துவிடும். பேட்டரிக்குள் இருந்தால் ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை ஏற்றி இறக்கும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். அதை அமிலத்தில் கழுவி நீக்க வேண்டும், அந்தக் கழிவு நீரையும் சுத்திகரிக்க வேண்டும். முதல் முறை மின்னேற்றும்போது சோடியத்தில் ஒரு பங்கு கரியிலேயே சிக்கித் திரும்பாமல் போகிறது. குழிச் சூளையில் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு பதம் வருவதால், ஒரே தரத்தில் கரி கிடைப்பதும் எளிதாக இல்லை.

முதுகுளத்தூர் உழவர்

தங்கை எழுதியது நன்றாகப் புரிந்தது. ஆனால் கரிக்கு மிக உயர்ந்த பயன் பேட்டரிதான் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. எங்கள் பக்கம் கரி என்றால் சீமைக்கருவேலங்கரிதான். விறகை அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, ஈரமண் பூசி, நெருப்பு வைத்து நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டத்தை இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சாலையோரமெல்லாம் காணலாம். அந்தக் கரி இஸ்திரிப் பெட்டிக்கும் தேநீர்க் கடைக்கும் தந்தூரி அடுப்புக்கும் போய், மரம் உறிஞ்சிய கரியமில வாயு முழுவதையும் மறுபடி வானத்துக்கே அனுப்பிவிடுகிறது.

ஒரு கிலோ கரியில் 80 விழுக்காடு கார்பன் என்றால், அது எரிந்து வெளிவிடும் கரியமில வாயு ஏறக்குறைய 2.9 கிலோ. அதே கரியை எரிக்காமல் மண்ணில் சேர்த்தால் அதன் பெரும்பகுதி நூற்றாண்டுகளுக்கு அங்கேயே தங்கும். அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் கரியும் எலும்பும் குப்பையும் சேர்த்து உருவாக்கிய கரும்மண் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இன்றும் வளமாக இருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2018-இல் வெளியிட்ட சிறப்பறிக்கையில், காற்றிலிருந்து கரியமில வாயுவை நீக்கும் வழிகளுள் ஒன்றாக மண்கரியையும் குறிப்பிட்டிருக்கிறது. பேட்டரி செய்ய அமிலமும் மின்உலையும் வேண்டும். இதற்கு ஒரு கூம்புக் குழியும் மண்வெட்டியும் போதும்.

அந்தக் குழியைப் பற்றி வெள்ளகோவில் அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டும். ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2014 வாக்கில் பரப்பிய கோன்-டிக்கி என்ற திறந்த கூம்புச் சூளையின் எளிய வடிவம் அது. கரிமூட்டத்தில் நெருப்பை மூடி வைக்கிறோம், ஆகவே புகை எரியாமல் வெளியேறுகிறது. கூம்புச் சூளையில் நெருப்பு மேலே திறந்தே இருக்கும். கீழே விறகிலிருந்து எழும் வாயு, மேலே உள்ள சுவாலையைக் கடந்துதான் வெளியேற வேண்டும், கடக்கும்போதே எரிந்துவிடும். அந்தச் சுவாலையே காற்றின் ஆக்ஸிஜன் கீழே இறங்காமல் தடுப்பதால் அடியில் உள்ள கரி சாம்பலாவதில்லை. மேல் அடுக்கில் வெண்சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கு விறகைப் பரப்ப வேண்டும்; முந்தினால் புகையும், பிந்தினால் கரி சாம்பலாகும். கண்ணும் கையும் பழக எனக்கு ஏழெட்டுச் சூடு பிடித்தது.

என் தவற்றையும் சொல்கிறேன். முதல் ஆண்டு கரியைப் பொடித்து நேராக முண்டு மிளகாய்ப் பாத்தியில் கலந்தேன். பதினைந்தாம் நாள் இலை வெளுத்து மஞ்சளாகிவிட்டது. கரி பசித்த பொருள். மண்ணில் இருந்த தழைச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொண்டது. மறு ஆண்டு சாணக் கரைசலிலும் கோமியத்திலும் மூன்று வாரம் ஊறவைத்து, தொழுவுரத்தோடு கலந்து போட்டேன். அந்தப் பாத்தி பக்கத்துப் பாத்தியைவிட இரண்டு நாள் கூடுதலாக ஈரம் தாங்கியது. எங்கள் பகுதியில் இரண்டு நாள் ஈரம் என்பது ஒரு நடைத் தண்ணீர்.

வெள்ளகோவிலான்

தம்பி, புகை எரிந்துவிடும் என்கிறீர்கள். அணைக்க ஊற்றும் தண்ணீர் என்ன ஆகிறது?

முதுகுளத்தூர் உழவர்

அண்ணா, கிணற்றைக் கெடுப்பது தாரும் பீனால் வகைகளும். அவை புகையிலிருந்து குளிர்ந்து கரியின்மேல் படிந்து, தண்ணீர் பட்டதும் கரைந்து இறங்குகின்றன. புகை எரிந்துபோனால் படிவதற்கு அவை மிகக் குறைவாகவே இருக்கும். மிஞ்சும் தண்ணீரில் சாம்பலின் காரம்தான் இருக்கும். ஆனாலும் நான் அடியில் களிமண் பூசி, வடியும் நீரைப் பிடித்து அடுத்த சூட்டை அணைக்கவே பயன்படுத்துகிறேன்.

சிலாபத்துச் சிரட்டை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தொட்டி என்பதை நாங்கள் சிரட்டை என்போம். சிரட்டைக்கரியும் உயிர்ப்பூட்டிய கார்பனும் (நீங்கள் சொல்லும் ஆக்டிவேட்டட் கார்பன்) எங்கள் நாட்டுக்கும் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களாகும்; ஆகவே வெள்ளகோவில் ஐயாவின் கிணறு எனக்குப் புதிய செய்தி இல்லை.

மூன்று முதல் நான்கு தொன் சிரட்டையைச் சுட்டால் ஒரு தொன் கரி கிடைக்கும். மீதமுள்ள இரண்டு பங்குக்கு மேற்பட்ட எடை எங்கே போகிறது என்று யோசியுங்கள். நீராவி, அசிட்டிக் அமிலம், தார், கார்பன் மோனாக்சைடு, மெத்தேன் ஆகியவையாக அது புகையில் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மெத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. ஆகவே புகையவிட்டுச் சுட்ட கரியை மண்ணில் புதைத்து நன்மை கணக்கிடுபவர், அந்த மெத்தேனை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் படல்கமவில் ஹேகார்ப் குழுமத்தின் ரெகோஜன் ஆலை, சிரட்டை கரியாகும்போது எழும் வாயுவைச் சேகரித்து எரித்து மின்சாரம் எடுத்தது. பெரிய அளவில் இதற்கு வழி உண்டு என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று. கூம்புக் குழியில் அந்த வெப்பம் வீணாகிறது; ஆலையில் அது கொதிகலனை இயக்குகிறது.

மின்வேதி சகோதரிக்கு ஒரு குறிப்பு. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் எங்களுக்குக் காரீயம், அதாவது கிராஃபைட், பாறைப் பிளவுகளில் நாளமாகவே கிடைக்கிறது. மண்ணுக்குள் ஏறக்குறைய தூய நிலையில் கார்பன் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சில. அப்படியிருந்தும் அது நெடுங்காலமாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே வெளியே போகிறது.

மின்வேதி மாணவி

சிலாபத்து அண்ணா எழுதியதைப் படித்ததும் எங்கள் மாவட்டம்தான் நினைவுக்கு வந்தது. சிவகங்கை அருகே தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. அதே மாவட்டத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். அதே மாவட்டத்தில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். கார்பனின் மூலப்பொருளும் அதை ஆராயும் அறிவும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, பேட்டரிக் கரியை வெளிநாட்டிலிருந்து பொட்டலம் கட்டி வரவழைத்துச் சோதித்துக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

நீர்ப்பொறியாளர்

நீர்ச் சுத்திகரிப்பைப் பற்றி எவரும் எழுதவில்லை. அதுவும் கரியின் பழைய பயன்களுள் ஒன்று. மணல், கரி, கூழாங்கல் வைத்த மூன்று பானை வடிகட்டியை நம் பாட்டிமார் பயன்படுத்தினார்கள். இன்றைய ஆக்டிவேட்டட் கார்பன் அதன் தொடர்ச்சி. தொட்டிக்கரியை 800 முதல் 1,000 டிகிரி வரையிலான வெப்பத்தில் நீராவி செலுத்தித் துளைத்தால், ஒரு கிராமுக்குள் 1,000 சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு உருவாகிறது. தொட்டியின் துளைகள் பெரும்பாலும் இரண்டு நானோமீட்டருக்கும் சிறியவை. சிறு மூலக்கூறுகளைப் பிடிக்க அதைவிடப் பொருத்தமான இயற்கைப் பொருள் அரிது. தங்கச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிக்கவும் இதையே விரும்புகிறார்கள், ஏனெனில் உராய்ந்தாலும் எளிதில் உடைவதில்லை.

மக்களிடையே உள்ள ஒரு தவறான நம்பிக்கையை இங்கே திருத்த விரும்புகிறேன். கரி வடிகட்டி உப்பையும் ஃபுளூரைடையும் நீக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளூரைடுச் சிக்கலுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது அதனால்தான். கால்நடை எலும்பைச் சுட்டுச் செய்யும் எலும்புக்கரி ஃபுளூரைடைப் பிடிக்கும். அதற்குக் காரணம் அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டே. கென்யாவின் நகூரு பகுதியில் அதைக் குடிநீருக்கே பயன்படுத்தினார்கள்.

என் துறையில் எனக்குள்ள பெரிய குறை வேறு. ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஏறக்குறைய பத்து டன் தொட்டி செலவாகிறது. அத்தனையும் செலவழித்துச் செய்த பொருளை வடிகட்டியில் ஓரிரு ஆண்டு வைத்திருந்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறோம். பயன்படுத்திய கரியை மீண்டும் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றி நீராவி செலுத்தினால் பெரும்பகுதித் திறன் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் சிறு பங்குதான் எரிந்து குறையும். பெரிய நகரக் குடிநீர் நிலையங்களில் வெளிநாடுகளில் இது வழக்கம். வீட்டு வடிகட்டியின் கரியைத் திரும்பப் பெறும் ஏற்பாடு நம்மிடம் வரவில்லை. புதிய பயன்களைத் தேடுவதற்கு முன்பு, ஏற்கெனவே செய்த கரியை நான்கு முறை பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே சிக்கனம்.

உழவர் நண்பருக்கு ஓர் எச்சரிக்கை. கழிவு நீரில் பயன்படுத்திய கரியை, கரிதானே என்று எவரும் வயலில் போட்டுவிடக் கூடாது. திருப்பூரில் 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டதும், பின்னர் கழிவு நீரை வெளியேற்றாத முறைக்கு அவை மாற வேண்டியிருந்ததும் அனைவரும் அறிந்தது. சாயத்தை உறிஞ்சிய கரி, உறிஞ்சியது எதையோ அதைச் சுமந்துகொண்டுதான் மண்ணுக்கு வரும்.

வெள்ளகோவிலான்

மேற்கோள்: “ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஏறக்குறைய பத்து டன் தொட்டி செலவாகிறது.”

இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். களத்தில் எங்கள் பெண்கள் ஒவ்வொரு தேங்காயாக உடைத்துக் குவித்த தொட்டி அது. கட்டடத்துக்கும் கரி பயன்படும் என்று கேள்விப்பட்டேனே, அது உண்மையா?

மின்வேதி மாணவி

உண்மை, ஐயா, ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிமெண்டு, தண்ணீர், கார்பன் பிளாக் எனும் புகைக்கரி ஆகியவற்றைக் கலந்து சூப்பர் கெப்பாசிட்டர் செய்தார்கள். சிமெண்டு இறுகும்போது கரி அதற்குள் கிளைகளாகப் படர்ந்து மின்சாரத்தைக் கடத்துகிறது. அவர்கள் கணக்கின்படி 45 கன மீட்டர் கட்டி 10 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும். ஒரு வீட்டின் அடித்தளம் முழுவதும் அதற்கு வேண்டும். சோடியம் பேட்டரியிலோ அதே 10 யூனிட்டுக்குப் பதின்மூன்று கிலோ அளவுக் கரி போதும். அடித்தளத்தை எப்படியும் கட்டத்தான் போகிறோம் என்பதால் அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் கார்பன் பிளாக் இன்று பெரும்பாலும் பெட்ரோலிய எச்சங்களை எரித்தே செய்யப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

தொட்டிக்கரிக்கு இப்போதே உறுதியாக இடமுள்ள மின்பயன், சாதாரண சூப்பர் கெப்பாசிட்டர்தான். அது பேட்டரி அளவுக்குச் சேமிக்காது. ஆனால் நொடியில் ஏறி நொடியில் இறங்கும், பல லட்சம் முறை தாங்கும். காற்றாலையில் புயலின்போது மின்சாரம் நின்றுவிட்டால் இறக்கைகளைத் திருப்பி நிறுத்த அவசர மின்சாரம் வேண்டும். பல காற்றாலைகளில் அதைத் தருபவை சூப்பர் கெப்பாசிட்டர்களே. பல்லடத்துக் காற்றாலையின் உச்சியில் காங்கேயத்துத் தொட்டியும் இருக்க முடியும், ஐயா.

உழவர் அண்ணா சொன்னதையும் யோசித்தேன். பேட்டரியா மண்ணா என்று நான் வாதிட வேண்டியதில்லை. தொட்டி அடர்த்தியானது, நுண்துளை மிக்கது. அதை மண்ணில் போடுவது வீண். சீமைக்கருவேலத்தை மண்ணில் போடலாம்.

முதுகுளத்தூர் உழவர்

இதை நானும் ஏற்கிறேன், தங்கை. ஆனால் என் பக்கத்துக்கும் இரண்டு தடைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் என்னை நம்பிச் செய்பவர் நட்டப்படுவார்.

கரி மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அமில மண்ணில் அது மருந்து. அமேசானில் அத்தனை நன்மை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கரிசலில் பல இடங்களில் ஏற்கெனவே காரம் மிகுதி. அங்கே மண் பரிசோதனை செய்யாமல் கரி போடக் கூடாது. வேளாண்மை அலுவலகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்த பிறகே என் மூன்று வயல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மற்றொன்று எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டுகிறது. சீமைக்கருவேலத்தை ஒழிக்க நீதிமன்றம் பலமுறை ஆணையிட்டிருக்கிறது. கரிக்காக வெட்டுபவர் வேரை எடுப்பதில்லை; தூரிலிருந்து மறுபடி தழைத்தால்தான் அடுத்த சில ஆண்டுகளில் அவருக்கு மறுவெட்டு. கண்மாய்க்குள் நிற்கும் மரத்துக்கு இப்படியொரு வருமானம் வந்துவிட்டால், கரிமக் கடன் (கரியமில வாயுவைக் குறைத்ததற்கான, விற்கத்தக்க சான்று) விற்கிறோம் என்று அதைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே வேரோடு பிடுங்கிய மரத்திலிருந்து வந்த கரிக்கு மட்டுமே விலை என்ற விதி வேண்டும். கண்மாயில் தண்ணீர் நிற்பதைவிடப் பெரிய பயன் எந்தக் கரிக்கும் இல்லை.

வெள்ளகோவிலான்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஆலைக்காரர் எடுக்காமல் ஒதுக்கும் பொடித் தொட்டி களத்தில் எப்போதும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். தம்பி சொன்னபடி கூம்புக் குழி வெட்டி, களிமண் பூசி, அதைக்கொண்டு மூன்று சூடு போட்டுப் பார்த்தேன். முதல் சூட்டில் அவசரப்பட்டு நிறையக் கொட்டிவிட்டதால் புகைந்தது. மூன்றாவதில் சுவாலை கடைசிவரை தெளிவாக நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் எவரும் வந்து கேட்கவில்லை. கரி நல்ல கரியா என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா?

முதுகுளத்தூர் உழவர்

ஒரு துண்டை உள்ளங்கையில் நன்றாகத் தேயுங்கள், அண்ணா. வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விட வேண்டும். பிசுக்காக ஒட்டிக்கொண்டு சோப்பு தேவைப்பட்டால் தார் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

மின்வேதி மாணவி

அதோடு ஒரு பிடி மாதிரியை உலர்த்தி அனுப்புங்கள், ஐயா. ஹைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள அணு விகிதத்தைப் பார்த்துவிடலாம், 0.7-க்குக் கீழே இருந்தால் அது மண்ணில் நெடுங்காலம் தங்கும் வகை.

வெள்ளகோவிலான்

தேய்த்துப் பார்த்தேன். நடுவிலிருந்து எடுத்தது தண்ணீரிலேயே போய்விட்டது. குழியின் விளிம்பில் எடுத்தது சோப்பு கேட்டது. அதை அடுத்த சூட்டில் மேலே போட்டு மறுபடி எரிக்கிறேன். மாதிரியை நாளை தபாலில் அனுப்புகிறேன், அம்மா. கூடவே ஒரு பாட்டிலில் அந்தப் பழைய கிணற்றுத் தண்ணீரையும் வைக்கிறேன். நீர்ப்பொறியாளர் ஐயா பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.